சேச்செனி குடும்பமும் ஹங்கேரிய மொழியும்

ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் போர்களினதும் திருமணங்களினதும் வரலாறேயாகும். ஹங்கேரியின் சேச்செனி குடும்பம் வேறொரு காரணத்தால் நினைக்கப்படுகின்றது. பதினேழாம் நூற்றாண்டில் எஸ்தர்கோம் பேராயராக விளங்கிய ஜியோர்ஜி சேச்செனி ஈட்டிய செல்வமே அதன் ஏற்றத்துக்கு அடிகோலியது. 1697 இல் பிரபுப் பட்டமும் கிடைத்தது. அடுத்த நூறாண்டுகள் எமது கவனத்துக்குரியனவல்ல.

1802 இல் பெரென்ஸ் சேச்செனி தமது பெரும் நூற்றொகுதியை நாட்டுக்கு நன்கொடையாக வழங்கினார். ஹங்கேரியத் தேசிய நூலகமும் நூதனசாலையும் அதிலிருந்தே தோன்றின. அக்காலத்தில் இலத்தீனே ஆட்சி மொழி. உயர்குடியினர் பலர் ஜேர்மன் மொழியிற் பழகினர்.

பெரென்சின் மகன் இஸ்த்வான் (1791–1860) இந்நிலையை மாற்ற முனைந்தார். 1825 இல், பொசோனி நகரிற் கூடிய சட்டசபையில், ஹங்கேரிய மொழியை வளர்க்கும் கழகமொன்றை நிறுவுவதற்குத் தமது நிலங்களின் ஓராண்டு வருமானத்தை அளிப்பதாக அறிவித்தார். ஹங்கேரிய அறிவியற் கழகம் இவ்வாறு பிறந்தது. இவரே தமது நாட்குறிப்பின் பெரும்பகுதியை ஜேர்மன் மொழியில் எழுதினார் என்பது விநோதமே!

தம் வகுப்பாரின் சலுகைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1830 இல் வெளியிட்ட 'கடன்' என்னும் நூலில், நிலத்தை விற்கவிடாத பழைய மரபுரிமைச் சட்டத்தைச் சாடினார். புடாவையும் பெஸ்றையும் இணைக்க அவர் முயன்று அமைப்பித்த சங்கிலிப் பாலத்தில், வரியே செலுத்தியறியாத பிரபுக்களும் சுங்கம் செலுத்த வேண்டியதாயிற்று. தொகை சிறிது, ஆயினும் நூற்றாண்டுகளாக நிலவிய வரிவிலக்கு அங்கேதான் முதன்முதலிற் பிளவுண்டது. கொசுத் அவரை 'மாபெரும் ஹங்கேரியர்' எனப் புகழ்ந்ததில் வியப்பில்லை.

எனினும் அவரது துணிவு முழுவதும் வெளிப்பட்டது 1842 நவம்பரிலேயாம். ஹங்கேரிய இராச்சியத்தில் ஹங்கேரிய மொழி பேசுவோர் பாதிக்கும் குறைவானவர். சிலோவாக்கியர், உருமேனியர், சேர்பியர், குரோவாசியர், ஜேர்மானியர் எனப் பலர் வாழ்ந்தனர். அவர்கள்மீது ஹங்கேரிய மொழியைத் திணிக்க முற்பட்டோரை, தாம் தோற்றுவித்த கழகத்தின் அவையிலேயே இஸ்த்வான் கண்டித்தார். நாவைப் பழக்குவதால் நெஞ்சம் மாறிவிடாது, வற்புறுத்தல் எதிர்ப்பையே வளர்க்கும் என்பது அவர் வாதம். ஏனைய இனத்தாருக்குச் சமத்துவம் கோரினார் என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஹங்கேரியப் பண்பாட்டின் சிறப்பே அவர்களை ஈர்க்கவேண்டும் என்றே அவர் கருதினார். அந்த அளவுக்கேனும் செவிசாய்ப்பார் அன்று மிகச் சிலரே. கொசுத்தும் எதிரணியில் நின்றார்.

1844 இல் ஹங்கேரிய மொழி ஆட்சி மொழியாயிற்று. 1848 இல் புரட்சி வெடித்தபோது குரோவாசியரும் சேர்பியரும் உருமேனியரும் பெருமளவில் ஹங்கேரியருக்கு எதிராகவே ஆயுதமேந்தினர். மொழிச் சட்டம் ஒன்றே அதற்குக் காரணமன்று. அதற்கும் அதிற் பங்குண்டு. பொதுவேலை, போக்குவரத்து அமைச்சராயிருந்த இஸ்த்வான் அவ்வாண்டு செப்டெம்பரில் மனங்குலைந்து, வியன்னாவுக்கு அருகிலுள்ள டேப்ளிங் மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். 1849 நவம்பரிற் சங்கிலிப் பாலம் திறக்கப்பட்டபோதும் அவர் அங்கேயே இருந்தார். பின்னர் மனந்தெளிந்து, வியன்னா ஆட்சியை எள்ளி நகையாடும் நூலொன்றை எழுதி, 1859 இல் இலண்டனிற் பெயர் குறிப்பிடாது வெளியிடச் செய்தார். பொலிசார் அவரது அறையைச் சோதனையிட்டனர். 1860 ஏப்பிரல் 8 ஆம் நாள் அவர் தம்மைத் தாமே சுட்டு உயிர்நீத்தார்.