இந்தியப் படைத்துறைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள்

கப்பல், கண்காணிப்பு விமானம், ஆளில்லா விமானம், ரேடார் நிலையம் ஆகியவை திரட்டும் வேவுத் தகவல்களை வாங்கி, கட்டளை மையங்களுக்கு அனுப்பும் செயற்கைக்கோள்கள். இந்தியாவில் ஜிசாட்-7 வரிசை இப்பணியைச் செய்கிறது.

தேவை: கடல் கண்காணிப்புக்கான பெருந்தளம் அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி. அங்கிருந்து கிளம்பும் பி-8ஐ விமானம் சுமார் 2,200 கி.மீ. தொலைவு சென்று நான்கு மணி நேரம் ரோந்து சுற்றித் திரும்பக்கூடியது. அவ்வளவு தொலைவிலிருந்து நேர்க்கோட்டில் செல்லும் வானொலி அலை கரையை எட்டாது. பூமியின் வளைவு மறைத்துவிடும். சிற்றலை எட்டினாலும் படங்களை விரைவாக அனுப்ப அது போதாது. 36,000 கி.மீ. உயரத்தில் நிலைகொண்ட செயற்கைக்கோளே இந்தத் தடையை நீக்குகிறது.

முன்னோடிகள்: அமெரிக்கா 1966-ல் ஏவத் தொடங்கிய ராணுவத் தொடர்புச் செயற்கைக்கோள்கள் வழியாக, 1967-ல் வியட்நாம் போர்க்களத்தின் வேவுப் படங்கள் சைகோனிலிருந்து வாஷிங்டன் சென்றன. உளவுச் செயற்கைக்கோள்களோ படச்சுருளைப் பெட்டியில் இட்டுப் பூமிக்குக் கழற்றிவிட்டு வந்தன. 1976-ல் ஏவப்பட்ட கேஎச்-11 தன் படங்களை மின்னலைகளாக எஸ்டிஎஸ் அஞ்சல் கோள்களுக்கு அனுப்பியது. நாள்கணக்கான காத்திருப்பு அத்துடன் ஒழிந்தது.

இந்திய வரலாறு: இந்தியக் கடற்படை முன்பு வெளிநாட்டு இன்மார்சாட் சேவையைச் சார்ந்திருந்தது. நாட்டின் முதல் தனிப் படைத்துறைக் கோளான ஜிசாட்-7 (ருக்மிணி) 2013 ஆகஸ்ட் 30 அன்று ஏவப்பட்டது. சுமார் 2,650 கிலோ எடையைத் தூக்கும் ராக்கெட் அன்று இந்தியாவிடம் இல்லாததால், பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான்-5 அதைச் சுமந்தது. 2014-ல் வங்கக் கடலில் நடந்த போர்ப்பயிற்சியில் சுமார் 60 கப்பல்களையும் 75 விமானங்களையும் இது ஒரே வலையில் இணைத்தது.

விமானப்படைக்கான ஜிசாட்-7ஏ (2,250 கிலோ) 2018 டிசம்பர் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.யில் சென்றது. தரை ரேடார்கள், விமானத் தளங்கள், வான்வழி எச்சரிக்கை விமானங்கள் ஆகியவற்றை இது இணைக்கிறது. தரைப்படைக்கான ஜிசாட்-7பி-யை உருவாக்க 2023 மார்ச்சில் 2,963 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

ருக்மிணியின் இடத்தை நிரப்ப, சுமார் 4,400 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03 (ஜிசாட்-7ஆர்) 2025 நவம்பர் 2 அன்று எல்விஎம்-3 ராக்கெட்டில் ஏவப்பட்டது. இந்திய மண்ணிலிருந்து புவிநிலை மாற்றுப்பாதைக்குச் சென்ற தகவல்தொடர்புக் கோள்களில் இதுவே மிக எடை கூடியது. இதைத் தூக்கிய கிரையோஜெனிக் எந்திர வகை நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் சோதித்துத் தேர்ந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் கடற்படைக் கோளை ஏவ அயல்நாட்டு ராக்கெட்டை நாட வேண்டிய நிலை மாறியதே இந்த வரலாற்றின் பெரும் பேறு.