புள்ளும் பட்சியும்

வரப்போவதை முன்கூட்டி உணர்வதுதான் ஆறாம் அறிவு என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. தொல்காப்பிய மரபியல் ஆறாவதாக வைத்தது மனத்தை. புல்லும் மரமும் ஓரறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, மக்கள் ஆறறிவு. எண்ணிப் பார்க்கும் மனம் வேறு, எண்ணுமுன் வந்து நிற்கும் எச்சரிக்கை வேறு. பின்னதற்குத் தமிழில் பெயரே இல்லாததுபோல் ஆங்கிலத் தொடரைப் பெயர்த்துத் தொல்காப்பியர் தலையில் கட்டிவிட்டார்கள்.

பெயர் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர் வாயில் அது வரும்: "என்னமோ பட்சி சொல்லுச்சு, அன்னைக்கு வேலைக்குப் போகல."

எந்தப் பட்சி? பஞ்சபட்சி சாத்திரம் என்பார் ஒரு சாரார். பொருந்தாது. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் ஐந்துக்கும் அங்கே தொழில் ஊண், நடை, அரசு, துயில், சாவு. சொல்லுதல் அதில் இல்லை. 'ஒரு குட்டிப் பறவை சொன்னது' என்று ஆங்கிலேயன் பேச்சில் விட்டுப்போன பறவை என்பார் இன்னொரு சாரார். அது அடுத்தவர் இரகசியத்தைக் கடத்தும் பறவை. நம் பட்சி சொல்வது வரப்போவதை. இரண்டும் ஒரு கூட்டில் அடையா.

பட்சி, சங்கப் 'புள்'ளின் நேர் வாரிசு. புள் பறவைக்கும் பெயர், நிமித்தத்துக்கும் பெயர். தொல்காப்பியப் புறத்திணையியல் நாளையும் புள்ளையும் சேர்த்தே எண்ணுகிறது. பரிசில் கிடைக்காதவர்கள் புள்ளையும் பொழுதையும் பழிப்பார்களே அன்றி வள்ளலைப் பழிப்பதில்லை என்கிறது புறநானூறு 204. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலச் சோறும் போதாது என்று பாடியே (குறுந்தொகை 210) நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். சிவகாசிக்குப் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கூடலிழைத்துக் குறி பார்க்கிறாள். அடுத்த பதிகத்திலேயே, திருமால் வரக் கூவு என்று குயிலைக் கேட்கிறாள். வடமொழிச் 'சகுனம்' என்பதும் முதலில் பறவை, பிறகே குறி. புள் பேச்சிலிருந்து ஒதுங்கியதும் அந்த இடத்தில் பட்சி வந்து உட்கார்ந்தது. ஆள் மாறியது, வேலை மாறவில்லை.

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரில் இராகு காலம் உண்டு, பல்லி விழும் பலன் உண்டு. பட்சிக்குக் கட்டம் இல்லை. அது உடம்பில் இருப்பது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த பட்டாசு மருந்தில் ஈரம் சேர்ந்தால் உள்ளுக்குள் சூடேறும், அம்மோனியா நெடி கிளம்பும். மனம் அதற்குப் பெயர் வைப்பதற்குள் பழகிய மூக்கும் உள்ளங்கையும் அறிந்துவிடும். அது ஆறாவதன் வேலையன்று. முந்தைய ஐந்தின் கூவல்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் மாண்டவர்களுக்கு மட்டும் பட்சி சொல்லவில்லையா என்று மடக்குகிறார்கள். சொல்லியும், அடுப்பெரிய வேண்டுமே என்று போனவர் எத்தனை பேரோ! புள் தடுத்ததை மீறிப் போனாலும் வள்ளல் மலையமானிடம் போனவர் வெறுங்கையோடு திரும்பார் என்று கபிலர் பாடினார் (புறம் 124). பட்டாசுக் கூலி மலையமான் அல்ல. அன்று இரவலரை மறித்த அதே புள்தான் இன்றும் ஆலை வாசலில் மறிக்கிறது. இதில் எனக்கு ஐயமில்லை.