வீட்டு உரிமையாளர் சங்க விதியாக்கம் (கலிபோர்னியா)

வீட்டு உரிமையாளர் சங்க விதியாக்கம் என்பது, குடியிருப்பு வளாகமொன்றின் பொது இடங்களையும் தனி வீடுகளையும் பயன்படுத்துவது தொடர்பான விதிகளை அச்சங்கத்தின் நிர்வாகக் குழு இயற்றி, திருத்தி, நீக்கும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கான சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. இக்கட்டுரை கலிபோர்னியாவின் நடைமுறையை விளக்குகிறது. அங்கு 1985 இல் இயற்றப்பட்ட டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம் இத்தகைய சங்கங்களை நெறிப்படுத்துகிறது. விதியாக்க நடைமுறை குறித்த பிரிவுகள் 2004 சனவரி 1 முதல் தொடங்கப்பட்ட விதிமாற்றங்களுக்குப் பொருந்தும்.

ஆவணங்களின் படிநிலை

சங்க ஆவணங்களுள் முதன்மையானது நிலப்பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யப்படும் நிபந்தனைப் பத்திரம் ஆகும். அதற்கு அடுத்து அமைப்பு ஆவணம், துணைவிதிகள், நடைமுறை விதிகள் என்பன வரிசையாக அமைகின்றன. இவை அனைத்துக்கும் மேலானது சட்டம். நிபந்தனைப் பத்திரத்தைத் திருத்த உறுப்பினர்களின் வாக்கு தேவை. நடைமுறை விதிகளை நிர்வாகக் குழுவே இயற்றலாம். எனவே, குழு தன் அதிகாரத்தை மீறாதிருக்கச் சட்டம் சில கட்டுப்பாடுகளை விதித்துள்ளது.

செல்லுபடியாவதற்கான நிபந்தனைகள்

ஒரு நடைமுறை விதி செல்லுபடியாகப் பின்வரும் ஐந்தும் நிறைவேற வேண்டும்:

* எழுத்து வடிவில் இருத்தல்
* குழுவின் அதிகார வரம்புக்குள் அமைதல்
* சட்டத்துக்கும் மேல்நிலை ஆவணங்களுக்கும் முரணாகாதிருத்தல்
* நல்லெண்ணத்துடனும் உரிய நடைமுறையைப் பின்பற்றியும் இயற்றப்படுதல்
* நியாயமானதாக இருத்தல்

இயற்றும் முறை

பொது இடப் பயன்பாடு, வீட்டின் புறத்தோற்றம், தண்டத்தொகைப் பட்டியல், தேர்தல் முறை முதலியவை குறித்த விதிகளை மாற்றுவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன்னர் உறுப்பினர்களுக்கு அறிவித்தல் வேண்டும். முன்மொழியப்பட்ட விதியின் வாசகம், அதன் நோக்கம், விளைவு ஆகியவை அவ்வறிவிப்பில் இடம்பெறும். உறுப்பினர்களின் கருத்துகளை ஆராய்ந்த பின்னரே குழு தன் கூட்டத்தில் முடிவெடுக்கலாம். முடிவெடுத்த 15 நாட்களுக்குள் அது பற்றி மீண்டும் அறிவிக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தின் அளவை முடிவு செய்வதற்கு இந்நடைமுறை பொருந்தாது.

பொதுமக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து நேரும்போதும், பெரும் பொருளிழப்பு உடனடியாக ஏற்படக்கூடும் எனும்போதும், முன்னறிவிப்பின்றி அவசர விதி இயற்றலாம். அது 120 நாட்களுக்கு மேல் நீடிக்காது. அதனை மீண்டும் இயற்றவும் இயலாது.

உறுப்பினர்களின் மறுப்புரிமை

அவசர விதி அல்லாத மாற்றத்தை எதிர்ப்போர், அறிவிப்புக் கிடைத்த 30 நாட்களுக்குள் சிறப்பு வாக்கெடுப்பு கோரலாம். இதற்கு 5 விழுக்காட்டு வீடுகளின் உரிமையாளர்கள் கோருதல் போதுமானது. குறைந்தளவு வருகை நிறைவேறிய வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் எதிர்த்தால் அம்மாற்றம் நீங்கும். ஆவணங்கள் கூடுதல் விழுக்காட்டைக் கோரினால் அதுவே பொருந்தும். நீக்கப்பட்ட மாற்றத்தை ஓராண்டு வரை மீண்டும் கொண்டுவர இயலாது. எனினும், அதே பொருளில் வேறொரு விதியை இயற்றக் குழுவுக்குத் தடையில்லை.

நீதிமன்றங்களின் நிலைப்பாடு

1994 இல் லேக்சைடு வில்லேஜ் வளாகம் தொடர்பான வழக்கில், பூனை வளர்ப்பதற்கு எதிரான தடையைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஏற்றது. பதிவான பத்திரத்திலுள்ள கட்டுப்பாடு நியாயமானதெனவே கொள்ளப்படும் என்றும், அதனை எதிர்ப்பவரே மாறாக நிறுவ வேண்டும் என்றும் அது கூறியது. வீடு வாங்குவோர் பதிவான கட்டுப்பாட்டை முன்னரே அறிய இயலும். குழு பின்னர் இயற்றும் விதியை அறிய இயலாது. இதனாலேயே குழுவின் விதிகள் நியாயமானவையா எனத் தனியே ஆராயப்படுகின்றன. பின்னர் மாநிலச் சட்டமன்றம், 2001 முதல் உருவாகும் அல்லது திருத்தப்படும் ஆவணங்களின் கீழ், ஒரு செல்லப் பிராணியையேனும் வளர்க்கும் உரிமையை வழங்கியது.

வரம்புகள்

பதிவான கட்டுப்பாடுகளும் எல்லையற்றவை அல்ல. இன அடிப்படையில் வீட்டுரிமையை மறுக்கும் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த இயலாது என 1948 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968 ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் அத்தகைய பாகுபாட்டைத் தடை செய்தது. 2006 ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டமொன்று, உறுப்பினர் தம் வீட்டில் தேசியக் கொடியை ஏற்றுவதைச் சங்கங்கள் முற்றாகத் தடுப்பதை விலக்கியது.