முள்ளுக்கு முன்னே ஒரு முழம்

ஸ்ரீரங்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டு மீன் பிடிக்கும் பேச்சை எடுத்தால் சில நேயர்கள் முகத்தைச் சுளிக்கலாம். ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு அல்லவா அது? தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும்; மீன் இருந்தால் தூண்டிலும் இருக்கத்தான் இருக்கும்.

தூண்டிலில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. கயிற்றின் நுனிக்கும் முள்ளுக்கும் இடையே கட்டும் மெல்லிய நரம்பு அது. மீனின் கண்ணுக்குக் கயிறு தெரியக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. அதன் நீளம் எவ்வளவு இருக்கவேண்டும்?

முக்கொம்புக்குக் கீழே பரிசலில் உட்கார்ந்து தூண்டில் போடும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஆறு கலங்கி வந்தா ஒரு சாண் போதுங்க. தெளிஞ்சு ஓடினா முழத்துக்கு மேலே விடணும். அதுக்காக ரெண்டு பாகம் விட்டா மீனைக் கைக்கு எப்படிக் கொண்டு வரது? பரிசல்லே எந்திரிச்சு நிக்க முடியுமாங்க?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் எத்தனை நியாயம்! கயிறும் நரம்பும் சேரும் இடத்தில் கட்டிய ஈயக்குண்டு கோலின் நுனியில் வந்து முட்டிக்கொள்ளும். அதற்குமேல் சுருட்ட முடியாது. கரையில் நிற்பவன் நாலு அடி பின்னால் நடந்து மீனை இழுத்துவிடலாம். பரிசல்காரன் எங்கே நடப்பது? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கயாக் என்னும் சிறு படகில் அமர்ந்து சால்மன் மீன் பிடிப்பவர்களுக்கும் இதே வழக்குத்தான். தெளிந்த நீர் 'நீட்டு' என்கிறது; படகு 'குறை' என்கிறது.

சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் வித்தையைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். சால்மனைவிட நம் ஆற்று மாஷீர்தான் வலிமையாகப் போராடும் என்பது அவர் கட்சி. அந்த நாளில் நரம்பு ஸ்பெயின் தேசத்து முர்ஸியாவிலிருந்து வந்தது. பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்துச் செய்வார்கள். ஓர் இழை பெரும்பாலும் முழத்துக்குள் அடங்கிவிடும். நீளம் வேண்டுமானால் முடிச்சுப் போடவேண்டும். மாஷீர் முரண்டு பிடித்தால் முடிச்சில்தான் முதலில் அறும். 1938-ல் நைலான் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன்பின் வந்த தங்கூசி நரம்பில் இந்தத் தொல்லை தீர்ந்தது. எத்தனை முழம் வேண்டுமானாலும் முடிச்சில்லாமல் விடலாம்.

ஆனால் அதற்குள் ஆறே மாறிவிட்டது. சால்மனைப் போலவே கடலிலிருந்து ஆற்றுக்குள் முட்டையிட ஏறிவரும் மீன் நமக்கும் ஒன்று உண்டு. வங்காளிகள் இலீஷ் என்று கொண்டாடுவதை நாம் உள்ளம் என்கிறோம். தூண்டிலை அது பெரும்பாலும் லட்சியம் செய்வதில்லை, வலைக்குத்தான் அதிகம் அகப்படும். ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார், கீழணையும் எழுந்தது. தஞ்சைக்குச் சோறு போட்ட அணைகள் அவை. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயினும் ஆற்றில் ஏறும் மீனுக்கு அணை ஒரு சுவர்தான். பிரான்ஸிஸ் டே என்ற மீனியல் அறிஞர் 1873-ம் வருஷத்து அறிக்கையிலேயே இந்தத் தடையைப் பற்றி எழுதினார். 1934-ல் மேட்டூர் அணையும் முடிந்தது. அதன்பின் வண்டல் அங்கேயே படிய, திருச்சிக்கு வரும் தண்ணீர் மதகு திறப்பதைப் பொறுத்ததாயிற்று.

பெரியவர் ஆற்றின் நிறத்தைப் பார்த்து நரம்பை அளக்கக் கற்றவர். "இப்போ எவ்வளவு விடறீங்க?" என்று கேட்டேன்.

"மேட்டூர்லே என்ன திறந்தாங்கன்னு பேப்பர்லே பார்த்துட்டு வந்து சொல்றேங்க" என்றார்.