பணியாளர் பங்கு விற்பனையும் வரி அறிக்கையும் (புத்தளம் கரையோரம்)

பணியாளர் பங்கு என்பது தொழிலாளருக்கு இலவசமாகவோ குறைந்த விலைக்கோ ஒதுக்கப்படும் நிறுவனப் பங்கு. புத்தளம் கரையோரத்தில் இதற்கு முதலில் சொல்லத்தக்கது பாலாவிச் சீமெந்து ஆலை.

களப்பை அண்டிய இந்த ஆலையை நிறுவியது அரச சீமெந்துக் கூட்டுத்தாபனம். சுண்ணாம்புக்கல், வடக்கே அருவக்காட்டிலிருந்து ரயிலில் வந்தது. அரச கூட்டுத்தாபனங்களைப் பொதுக் கம்பனிகளாக மாற்ற வழிசெய்தது 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம். அதன்பின் நடந்த தனியார்மயமாக்கலில், 10 சதவீதப் பங்கைப் பணியாளருக்கு இலவசமாக வழங்குவது அரசின் பொதுக் கொள்கையாக இருந்தது. புத்தளம் சீமெந்துக் கம்பனி 1993இல் பாகிஸ்தானின் தவக்கல் குழுமத்திடமும், பின்னர் சுவிட்சர்லாந்தின் ஹொல்சிம்மிடமும், 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்திடமும் சென்றது. இலவசப் பங்கை அன்பளிப்பு என வகைப்படுத்துவது தவறு. சுண்ணாம்புத் தூசியில் ஆண்டுக்கணக்காக உழைத்தவரின் ஊதியத்தில் அதுவும் ஒரு பகுதியே.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் பணியாளர் பங்கை ஊதியத்தோடுதான் சேர்க்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, பங்கு ஒதுக்கப்படும் நாளின் சந்தைப் பெறுமதியிலிருந்து பணியாளர் செலுத்திய தொகையைக் கழித்தால் கிடைப்பது ஊழிய வருமானம். விற்கும்போது வரும் இலாபம் முதலீட்டு வருமானம். மூலதன ஆதாய வரியும் இச்சட்டத்தோடு 10 சதவீதமாக மீண்டும் வந்தது. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கு அவ்வரியில் விலக்கு உண்டு. ஒதுக்கீட்டின்போது எழும் ஊழிய வருமானத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. 2017 செப்டெம்பர் 30இல் கையிலிருந்த பழைய பங்குக்கு அந்நாளின் சந்தைப் பெறுமதியே அடக்கவிலை. இலவசமாகக் கிடைத்தது என்று அடக்கவிலையைப் பூச்சியமாகப் போட்டால் வீண் வரி கட்ட நேரும்.

பிழை பெரும்பாலும் அடக்கவிலையில்தான் நேர்கிறது. 100 ரூபா பெறுமதியான பங்கு 20 ரூபாவுக்குக் கிடைத்தால், 80 ரூபா ஊழிய வருமானம். அதை 130 ரூபாவுக்கு விற்றால் இலாபம் 30 ரூபா மட்டுமே. கட்டிய 20 ரூபாவை மட்டும் மென்பொருளில் அடக்கவிலையாகப் பதிந்தால் இலாபம் 110 ரூபா என்று காட்டும். அதே 80 ரூபாவுக்கு இரண்டாம் முறை வரி விழும். அமெரிக்காவில் பணிபுரியும் தமிழரும் இதில் அகப்படுகின்றனர். 2014 முதல் ஒதுக்கப்பட்ட பங்கு விருப்புரிமைகளுக்கு, அங்குள்ள தரகர் தரும் 1099-பி படிவத்தில் ஊதியமாகக் கணக்கிட்ட தொகை அடக்கவிலையில் சேர்வதில்லை. 8949ஆம் படிவத்தில் ‘பி’ குறியீட்டுடன் அதைத் தாமே திருத்த வேண்டும்.

இன்று இலங்கையில் வரி அறிக்கைகள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் றாமிஸ் இணைய முறைமையில் பதியப்படுகின்றன. மதிப்பீட்டாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஆண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 30. பங்கு ஒதுக்கீட்டுக் கடிதத்தையும் அந்நாளைய பெறுமதிச் சான்றையும் விற்று முடித்த பின்னும் பத்திரப்படுத்துக.