கண்ணாடித் தகட்டிலிருந்து கைத்தொலைபேசி வரை

கண்ணின் கருமணி ஏன் கருமையாகத் தோன்றுகிறது? அது ஒரு துளையே. அதன் பின்னால் செந்நிற விழித்திரை விரிந்து கிடக்கிறது. உட்புகும் ஒளி, வந்த வழியே விளக்கை நோக்கித் திரும்புகிறது. அதனைக் காண விழைபவர் தம் தலையை அவ்வழியில் வைத்தல் வேண்டும். வைத்தாலோ விளக்கொளி மறைந்துவிடும். கண்ணை ஆராய்ந்தோர் அனைவரையும் தடுத்து நின்ற இடர் இதுவே.

1850ஆம் ஆண்டில் கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவ்விடரை எளிதில் வென்றார். மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்தார். விளக்கொளி அவற்றிற் பட்டுத் தெறித்துக் கண்ணினுட் சென்றது. மீண்ட ஒளியின் ஒரு பகுதி தகடுகளை ஊடுருவி அவர் விழியை அடைந்தது. உயிருள்ள மனிதரின் விழித்திரை தெளிவாகப் புலனாயிற்று. 1851இல் இதனை நூலாக வெளியிட்டார். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1847இல், ஆங்கிலக் கணித அறிஞர் பாபேஜ் இத்தகைய கருவியொன்றை ஆக்கிக் கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டியிருந்தார். அவர் அதன் பயனை உணராமையால் அது கவனிப்பாரற்றுப் போயிற்று.

கண்டதைப் படமாக்குதல் இன்னும் அரிதாயிற்று. 1886இல் இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் என்னும் இருவர் வெளியிட்ட படத்தை எடுக்க இரண்டரை நிமிடம் கண் அசையாதிருக்க வேண்டியிருந்தது. 1926இல் சைஸ் நிறுவனத்தின் நிழற்படக் கருவி விற்பனைக்கு வந்தது. ஆயினும் அத்தகைய கருவிகள் மேசையை விட்டு நகரவில்லை. நோயாளரே அவற்றைத் தேடிச் செல்ல நேர்ந்தது.

நம் காலத்தில் இந்நிலை மாறியது. கைத்தொலைபேசியில் விளக்கும் வில்லையும் அருகருகே அமைந்துள்ளன. ஆகவே ஒளி செல்லும் வழியும் மீளும் வழியும் ஏறத்தாழ ஒன்றாகின்றன. முன்னே ஒரு குவிவில்லையைப் பிடித்தால், அல்லது அதற்கென அமைந்த சிறு துணைக்கருவியைப் பொருத்தினால், விழித்திரை படமாகிவிடும். 2013இல் கென்யாவின் நக்குருப் பகுதியில் தொடங்கிய ஆய்வில், கண் மருத்துவப் பயிற்சி முன்னர் பெற்றிராத ஒருவரும் பயன்படத்தக்க படங்களை எடுத்தார். சென்னையில் 2018இல் வெளியான ஆய்வில், நீரிழிவுடைய 296 பேரின் இத்தகைய படங்களைக் கணினியே வாசித்தது. விழித்திரைப் பாதிப்புற்றோருள் 100க்கு ஏறத்தாழ 96 பேரை அது கண்டறிந்தது. ஆயினும் பாதிப்பற்றோருள் 100க்கு 20 பேர் வரையில் வீண் ஐயத்துக்கு ஆளாயினர். எனவே படம் மருத்துவருக்கு ஈடாகாது. மருத்துவரிடம் செல்ல வேண்டியவர் யாரென அது காட்டும்.

நேயர்களே, நீரிழிவால் வரும் விழித்திரை நோய் தொடக்கத்தில் வலியோ மங்கலோ தருவதில்லை. பார்வை குன்றிய பின்னர் இழந்ததை முற்றும் மீட்டல் அரிது. முன்னரே கண்டால் லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் பெரும்பாலும் காக்கலாம். பாபேஜின் கருவி கவனிப்பாரின்றி வீணாயிற்று. இன்றோ கருவி கிராமத்தின் வாயிலுக்கே வரத்தக்கதாயிற்று. நீரிழிவுடையோர் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுவதும், குறை கண்டவிடத்துத் தாமதியாது சிகிச்சை பெறுவதுமே அக்கருவிக்குப் பயன் தரும்.