ஒன்லியும் ஈவனும்: இரண்டு ஆங்கிலச் சொற்களில் ஒளிந்திருக்கும் இடையியல்

"ஹி இஸ் அட் ஹோம் ஒன்லி" என்னும் தொடர் ஆங்கில ஆசிரியரின் சிவப்பு மைக்குத் தப்புவதில்லை. அது மாணவரின் கவனக்குறைவாகவே கருதப்படுகிறது. ஆயினும் சென்னையில் வாழ்பவரும் கொல்கத்தாவில் வாழ்பவரும் ஒரே பிழையை ஒரே இடத்தில் செய்வார்களாயின், அதற்குப் பின்னால் ஓர் இலக்கணம் இருந்தாக வேண்டும்.

அவ்விலக்கணத்தைக் காண்பதற்கு அந்தமான் ஏற்ற களம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28.5 விழுக்காடு, இந்தி 19.3, தமிழ் 15.2, தெலுங்கு 13.2, மலையாளம் 7.2. போர்ட் பிளேரின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மரைன் ஹில் போன்ற பகுதிகளில் இந்தியைப் பொதுமொழியாகக் கொண்டு இம்மொழியினர் அருகருகே வாழ்கின்றனர். இரு வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இம்மொழிகளுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. தமிழின் 'தான்', 'ஏ', இந்தியின் 'ஹீ', வங்காளத்தின் 'இ', தெலுங்கு மலையாளங்களின் 'ஏ' ஆகிய அனைத்தும் தாம் சிறப்பிக்கும் சொல்லுக்குப் பின்னரே நிற்கின்றன. ஆங்கிலத்தின் 'ஒன்லி' அவ்விடத்துக்கு நகர்ந்ததில் வியப்பில்லை.

இடம் மாறியது பாதிக் கதையே, பொருளும் மாறியிருக்கிறது. தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் கூறுகிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. பிரிநிலை, பலவற்றுள் ஒன்றைப் பிரித்து மற்றவற்றை விலக்குவது. தேற்றம், எதையும் விலக்காமல் உறுதி மட்டும் தருவது. நன்னூல் 'தான்' என்பதை அசைச்சொற்களுள் ஒன்றாகவே எண்ணியது. இன்றைய வழக்கிலோ அது இவ்விரு பொருளையும் சுமக்கிறது. "ராமன்தான் பணம் கட்டினான்" என்றால் வேறு எவரும் கட்டவில்லை எனப் பிரிநிலை தோன்றும். "அவன் வீட்டில்தான் இருக்கிறான்" என்றால் ஐயம் வேண்டாம் என்னும் தேற்றம் தோன்றும்.

பொது ஆங்கிலத்தின் 'ஒன்லி' பிரிநிலைக்கு உரியது. இந்திய ஆங்கிலம் அதற்குத் தேற்றத்தையும் கொடுத்தது. "அட் ஹோம் ஒன்லி" என்பது ஆங்கில உடை அணிந்த தேற்ற ஏகாரம். ராகேஷ் பட் 2000இலும் கிளாடியா லாங்கே 2007இலும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வழக்கைத் தனக்கென விதியுடைய ஒன்றாகவே ஆராய்ந்தன.

'ஈவன்' என்னும் சொல்லுக்கும் இதே வரலாறுதான். தொல்காப்பியர் உம்மைக்குக் கூறிய எட்டுப் பொருள்களில் எச்சமும் சிறப்பும் அடங்கும். "நானும் போனேன்" என்பது பெரும்பாலும் எச்சவும்மை. பிறர் போனதைத் தழுவி நிற்பது. "யானையும் நடுங்கும் குளிர்" என்பது சிறப்பும்மை. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'டூ' அல்லது 'ஆல்சோ'வும், பின்னதற்கு 'ஈவன்'னும் உரியவை. தமிழின் 'உம்'மும் இந்தியின் 'பீ'யும் இரண்டையும் ஒருசேரத் தாங்குவதால், "ஈவன் ஐ வென்ட்" என்று எச்சப் பொருளில் சொல்கிறோம். பிறநாட்டார் அதைச் சிறப்பாகக் கொண்டு, இவர் போனதில் என்ன வியப்பு என்று மயங்குகின்றனர்.

இச்சொற்களின் இடம் இங்கிலாந்திலும் வழக்குக்கு உரியதாகவே இருந்தது. 1762இல் இலக்கண நூல் வெளியிட்டவரும் பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவருமான ராபர்ட் லௌத், 'ஒன்லி'யை வினைக்கு முன் வைத்துவிட்டு எண்ணுப்பெயரைக் கருதும் பொது வழக்கைக் கண்டித்தார்; அது தான் தழுவும் சொல்லை ஒட்டியே நிற்க வேண்டும் என்றார். 1926இல் ஹென்றி ஃபௌலர், பொருள் மயங்காத இடத்தில் மக்கள் வழக்கே இயல்பானது என்று அந்தக் கண்டிப்பாளர்களை எதிர்த்தார். பேச்சில் குரலின் அழுத்தம் எச்சொல் சிறக்கிறது எனக் காட்டிவிடுகிறது. அழுத்தம் இல்லாத எழுத்திலோ இடமே அப்பணியைச் செய்ய வேண்டியிருக்கிறது.

எனவே எழுத்தில் இடம் அற்பமன்று. "ஒன்லி ராமன் பெய்ட் தி ஃபீ" என்றால் கட்டியவன் ராமன் ஒருவனே. "ராமன் பெய்ட் ஒன்லி தி ஃபீ" என்றால் கட்டணம் தவிர வேறெதையும் அவன் கட்டவில்லை. ஒப்பந்தத்திலும் அரசாணையிலும் இவ்வேறுபாடு ஒருவரின் உரிமையையே மாற்றிவிடக்கூடும்.

மாணவரை ஏளனம் செய்வது இதைக் கற்பிக்காது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணமே கற்பிக்கும். தமிழில் அத்தொடரைச் சொல்லிப் பார்த்து, 'தான்' அங்கே பிரிநிலையா தேற்றமா என்று கேட்டால் போதும். பிரிநிலையானால் 'ஒன்லி'யை அது தழுவும் சொல்லுக்கு முன் வைக்கலாம். தேற்றமானால் எழுத்தாங்கிலத்தில் அதை விட்டுவிடலாம். 'உம்' எச்சமானால் 'டூ', சிறப்பானால் 'ஈவன்'. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்து மறந்த இடைச்சொல் இலக்கணத்துக்கு ஆங்கில வகுப்பில் இப்படியொரு வேலை காத்திருக்கிறது.